தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

ஆஹன், ஜெர்மனி
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். அங்கே எல்லாரும் நலமா? ஆச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காட்டில் உளுந்துக்குக் களை எடுத்தாயிற்றா?

தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டாயா?" என்பாய், நான் "சாப்பிட்டேன்" என்பேன். அப்பா "செலவுக்கு இருக்கிறதா?" என்பார், நான் "இருக்கிறது" என்பேன். அதற்குள் தம்பி போனைப் பிடுங்கிக்கொள்வான். போன புதன்கிழமை, காட்டைக் கிரயத்துக்குக் கேட்டு ஆள் வந்திருப்பதாகச் சொன்னீர்கள் அப்பா. எனக்கு வாய் எழவில்லை. "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு தூங்கவில்லை. சொல்ல வேண்டியதை எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் படமெடுத்து இன்றே தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன். தாள் பின்னால் வந்து சேரும். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. நான்கு வருஷம் காலேஜ் பஸ்ஸில் போய், இருட்டுவதற்குள் வீடு திரும்பியவள். ஒரு ராத்திரிகூட உங்களை விட்டு வெளியே தங்கியதில்லை. இங்கே முதல் நாள் அறைச் சாவியைக் கையில் வாங்கியபோது, உள்ளே போனால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதே புத்தியில் ஏறவில்லை. கதவைத் திறந்து "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் செய்த முதல் வேலை, கீழே தபால் பெட்டியில் பெயர் ஒட்டியதுதான். இங்கே கதவு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போட மாட்டார்கள். பெட்டியில் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். பேங்க், இன்சூரன்ஸ், பல்கலைக்கழகம், நகராட்சி என்று எல்லாமே தபாலில்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது அப்பா? அதைத்தான் எழுதி ஒட்டினேன். வகுப்பிலும் ஆபீஸிலும் என்னை உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முன்னால் பெண்களுக்குப் போடும் "ஃப்ராவ்" என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து. முதல் தடவை டாக்டர் வீட்டில் அப்படிக் கூப்பிட்டபோது நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. உங்கள் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கிறேன்.

குளிர் பற்றித்தான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம். பழைய துணிச் சந்தையில் 15 யூரோவுக்கு நல்ல கனமான கோட்டு கிடைத்தது. எனக்குக் கஷ்டம் இருட்டும் சத்தமில்லாமையும்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்கு வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் நடுவே மூன்றரை மணி நேரமாக இருந்தது நாலரை மணி ஆகிவிட்டது. நான் வகுப்பு முடிந்து வரும்போது நீங்கள் படுத்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, தெருவில் ஆள் நடமாட்டமும் கிடையாது. போன வாரம் சனிக்கிழமையும் பண்டிகை விடுமுறை என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் எல்லாம் அடைப்பு. வீட்டில் அரிசியும் அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியும்தான் இருந்தன. பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து நான்கு வேளை சாப்பிட்டேன் அம்மா. போனில் "சாப்பிட்டேன்" என்று சொன்னது பொய் இல்லை.

ஊர் நடுவில் வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. இந்தத் தண்ணீருக்காகத்தான் ரோமர்கள் இங்கே வந்து குடியேறினார்களாம். பிறகு சார்லமேன் பேரரசர் இங்கேயே அரண்மனை கட்டி வாழ்ந்து, 814-இல் இறந்து, பக்கத்துப் பேராலயத்திலேயே அடங்கியிருக்கிறார். ஊற்றில் கந்தக வாடை அடிக்கும் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் நினைவு வந்து, அம்மா வேலை முடிந்து வரும்போது சேலையில் வருமே, அந்த வாடைதான் என்று ஆசையாகப் போய் முகர்ந்தேன். அது இல்லை. இது அழுகிய முட்டை வாடை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். பல்கலைக்கழக உலோக ஆய்வகத்தில் மாணவ உதவியாளராக எடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம், டிசம்பர் முதல் தேதியிலிருந்து. ஒப்பந்தம் வியாழக்கிழமை தபாலில் வந்தது. இரும்புத் துண்டு ஒன்றை வெட்டி, பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட மென்மையானது, பிறகு இன்னும் மென்மையானது. ஒவ்வொரு தாளுக்கும் துண்டை ஒரு கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தின கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போகலாம். கடைசியில் கண்ணாடிபோல் முகம் தெரியும். அதன்மேல் துளி அமிலம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாளம் பாளமாக வெடித்த நம் கரிசல்போல உள்ளே இரும்பின் மணிகள் தெரிகின்றன. சோதனை நாளில் என்னோடு வந்த ஒருவருக்குப் பொறுமை இல்லை, இடையில் ஒரு தாளைத் தாண்டிவிட்டார். எனக்கு அது வரவில்லை. தீக்குச்சிச் சட்டத்தில் கட்டை அடுக்கும்போது ஒரு குச்சி சாய்ந்தாலும் எடுத்து நேராக வைப்பாயே அம்மா, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த கை இது. "இதை எங்கே பழகினாய்?" என்று கேட்டார்கள். என் அம்மாவிடம் என்று சொன்னேன்.

இப்போது கணக்கு. அப்பா, இதை இரண்டு முறை படியுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டும் என்று, நகையை வைத்தும் கடன் வாங்கியும் முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற கணக்கில், போட்டது 11,904 யூரோ. மாதம் 992 யூரோ என் கைக்கு வருகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம். அது வரும் ஒவ்வொரு தேதியிலும் அம்மாவின் வெறும் கழுத்துதான் கண்முன் நிற்கிறது. வாடகை 370. இன்சூரன்ஸ் 140-க்கு மேல். வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 கட்ட வேண்டும். இந்த வீட்டில் இருக்கும் மூன்று பேரும் அதைப் பகிர்ந்துகொள்கிறோம். சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 700-க்குள் முடித்துவிடுகிறேன். மதியம் மாணவர் உணவகத்தில் மூன்று யூரோ அளவில் சூடாகக் கிடைக்கிறது. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை கட்டும் தொகையிலேயே பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் அடக்கம். ஆக, மாதம் 290 மிஞ்சும். சம்பளம் 400-க்குக் குறையாது. அடுத்த ஆண்டு விசாவை நீட்டிக்கும்போது மறுபடி பணம் காட்டச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் சம்பளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதைக் கழித்தால் காட்ட வேண்டியது சுமார் 7,100. அதற்குள் நான் சேர்த்துவிடக்கூடியது சுமார் 6,800. குறையும் 300-ஐ விடுமுறையில் வேலை பார்த்துச் சம்பாதித்துவிடுவேன்.

காட்டை விற்க வேண்டாம் அப்பா. அந்த இரண்டு குறுக்க நிலத்தில்தான் நீங்கள் விடிகாலையில் நிற்பீர்கள் என்று தெரிந்துதான் இங்கே என் நேரத்துக்கு ராத்திரி நிம்மதியாகப் படுக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஹாம் ஊருக்குப் போனேன். இங்கிருந்து ஒரே ரயில், ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கே காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு. தொழிற்பேட்டைக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம் நிற்பதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என்னைப் "பிள்ளை" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார். அவர் வந்த காலத்தில் வீட்டுக்குப் போன் கிடையாது. தாயாரின் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகுமாம். தாயார் இறந்துவிட்டார், கடிதங்களை மட்டும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒன்றில், அந்த வருஷம் முருங்கை எத்தனை காய் காய்த்தது என்பதுகூட இருக்கிறதாம்.

அப்பா, நீங்களும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். மழை எவ்வளவு, உளுந்து எப்படி, அதை எழுதினால் போதும். அம்மா சொல்வதையும் அதிலேயே எழுதுங்கள். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. என் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் தபால்காரர் பெட்டியில் போடுவார்.

உங்கள் அன்பு மகள்