சர்ச்சிலுக்குப் போகும் மகளுக்கு

தரங்கம்பாடி

அன்பு மகளுக்கு,

கனடாவில் வின்னிபெக்கிலிருந்து ரயிலேறி, வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் ஊருக்குப் போகப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து யென்ஸ் முங்க் என்ற டென்மார்க் மாலுமியின் பெயர் என் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் ஊர்க் கோட்டைக்குக் காரணமான ஓவே ஜெட்டேயை உனக்குத் தெரியும். அவரை 1618-இல் கிழக்கே அனுப்பிய டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான், மறு ஆண்டு மே மாதம் முங்கை இரண்டு கப்பல்களோடு வடமேற்கே அனுப்பினார். ஆசியாவுக்கு அந்தப் பக்கமாக ஒரு கடல்வழி இருக்கும் என்ற நம்பிக்கை. ஜெட்டே நம் கரைக்கு வந்தார். முங்கோ, பனி வழிமறிக்க, செப்டம்பரில் நீ போகிற அதே சர்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒதுங்கினார்.

தந்தை சிறையில் கிடக்க, பன்னிரண்டு வயதிலேயே போர்ச்சுகலுக்குக் கப்பலேறிய பிள்ளை அவர். பிரேசிலில் வளர்ந்து, திரும்பி வந்து, டென்மார்க் கடற்படையில் தலைவரானவர். அந்த வயதில் அவரை வழியனுப்பிய தாயைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்கர்வி நோய் கப்பல்களைச் சூறையாடியது. பச்சைக் காய்கனி இல்லாமல் ஈறு வீங்கி, ரொட்டியைக் கடிக்கவும் முடியாமல் ஒவ்வொருவராகச் செத்தார்கள். புறப்பட்டவர்கள் அறுபதுக்கும் மேல். 1620 ஜூன் 4 அன்று முங்க் தன் நாட்குறிப்பில் உலகத்திடம் விடைபெற்றுவிட்டார். கண்டெடுப்பவர்கள் எங்கள் உடல்களைப் புதைத்துவிட்டு, இந்தக் குறிப்பை என் மன்னரிடம் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்.

நான்கு நாள் கழித்து, பிணவாடை தாங்காமல் மேல்தளத்துக்கு ஊர்ந்து வந்தார். கரையில் அவருடைய ஆட்கள் இருவர் உயிரோடு இருந்தார்கள்! கப்பலில் எவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தவர்கள், வந்து அவரைக் கரைக்குத் தாங்கிப்போனார்கள். பனி உருகிய தரையில் தலைகாட்டிய பச்சைகளைத் தவழ்ந்து தேடி, வேரோடு பிடுங்கிச் சப்பினார்கள் மூவரும். அதுதான் அவர்களை எழுப்பி நிறுத்தியது. கீரை வேண்டாம் என்று நீ தட்டை நகர்த்திய நாளெல்லாம் எனக்கு இதைப் படிக்கும்போது நினைவுக்கு வருகிறது.

ஜூலையில் பெரிய கப்பலை அங்கேயே விட்டுவிட்டு, சின்னக் கப்பலை அந்த மூவரே அட்லாண்டிக் கடந்து செலுத்தி, செப்டம்பரில் நார்வே சேர்ந்தார்கள். இரண்டு மாதம் கழித்து இங்கே ஜெட்டே, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு தரங்கம்பாடிக்கான ஒப்பந்தத்தை முடித்தார். ஜெட்டேயின் பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முங்க் பெயரை நான் சொல்லித்தான் இந்தத் தெருவில் இரண்டு பேருக்குத் தெரியும்.

சர்ச்சிலில் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கட்டாயம் போ. முங்கோடு வந்து மாண்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. வெள்ளைக்கரடி வரும் இடம், தனியாகப் போகாதே. பையில் நாலு ஆரஞ்சு வைத்துக்கொள். ரயிலை விட்டு இறங்கியதும் நேரம் பார்க்காமல் போன் செய். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா