எத்தனை பிரசவம் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது

ஆசிரியருக்கு,

சுகாதாரத் துறையின் சாதனை என்று வந்தால் அரசுகள் கட்டடம், படுக்கை, மருத்துவமனைப் பிரசவ விழுக்காடு ஆகியவற்றைத்தான் முன்னிறுத்துகின்றன. உள்ளே வந்தவருக்கு எத்தனை நிமிடத்தில் என்ன சிகிச்சை கிடைத்தது என்பதை யாரும் கேட்பதில்லை. குறைந்த, நடுத்தர வருவாயுள்ள 137 நாடுகளை லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கு இது: சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் ஆண்டுக்குச் சுமார் 86 லட்சம். இதில் சிகிச்சைக்கே போகாமல் இறந்தவர்கள் 36 லட்சம். மீதி 50 லட்சம் பேர் சிகிச்சைக்கு வந்தும், அது தரமாக இல்லாததால் இறந்தவர்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் பல பிரசவ அறைகளில் ரத்தத்தை யாரும் அளப்பதில்லை; கண்மதிப்புதான். பஞ்சிலும் துணியிலும் ஊறியது, பனிக்குட நீரோடு கலந்தது, இடுப்புக்கு அடியில் தேங்கியது எல்லாம் கணக்கில் விட்டுப்போகும். நாடி எகிறி, ரத்த அழுத்தம் விழுந்த பிறகே மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள். அப்போதும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, கேட்காவிட்டால் அடுத்தது என்று நேரம் போகிறது.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு இதை மாற்றிக் காட்டியது. தாயின் இடுப்புக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம். 500 மில்லி ஆனதும், அல்லது 300 மில்லியிலேயே வேறு அறிகுறி தென்பட்டதும், கருப்பையைத் தேய்த்துவிடுதல், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், ரத்தம் வரும் இடத்தைத் தேடும் பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். வழக்கமான முறையில் ஏறத்தாழ பாதி ரத்தப்போக்குதான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த முறையில் 93 விழுக்காடு. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் மூன்றும் சேர்ந்த விகிதம் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆனது.

விரிப்பு வாங்கினால் மட்டும் போதாது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் வீரியம் போய்விடும். குப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊசி போட்டதாகப் பதிவேட்டில் இருக்கும், ரத்தம் நிற்காது, மருந்தின் மேல் யாருக்கும் சந்தேகமும் வராது. டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், பிரசவமான 3 மணி நேரத்துக்குள் நரம்பு வழியே 10 நிமிடத்தில் மெதுவாக ஏற வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. அந்த மருந்து பூட்டிய கிடங்கில் இருந்து, சாவி இன்னொருவரிடம் இருந்தால் என்ன ஆகும்? ஒரே செவிலியர் பல தாய்மார்களைப் பார்க்கும் இரவில் 15 நிமிடக் கண்காணிப்பு நடக்கவே நடக்காது. அதற்கு அவரைக் குறை சொல்வது அநியாயம்.

பயிற்சி வகுப்பும் சரிபார்ப்புப் பட்டியலும் மட்டுமே தீர்வு என்று நம்புவதும் தவறு. உத்தரப் பிரதேசத்தில் நடந்து 2017இல் வெளியான, இவ்விரண்டையும் சோதித்த பெட்டர்பர்த் ஆய்வில் பிரசவம் பார்ப்போரின் செயல்முறை மேம்பட்டது. தாய், சேய் மரணம் குறையவில்லை.

ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் நான்கு விவரங்களை வெளியிட வேண்டும்: எத்தனை பிரசவங்களில் ரத்தம் அளக்கப்பட்டது, ரத்தப்போக்கைக் கண்டதிலிருந்து மருந்து ஏற எத்தனை நிமிடம், மருந்துக் குளிர்பெட்டியின் அன்றாட வெப்பநிலை, இரவுப் பணியில் எத்தனை செவிலியர். சுகாதாரச் செய்தி எழுதும் தங்கள் நிருபர்கள் பிரசவ எண்ணிக்கையோடு இவற்றையும் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்