அந்த மஞ்சள் லைற்

திருகோணமலை
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா மிளகாய்த்தூள் இடித்து அனுப்புகிறார். பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். போன் எடுத்தால் "வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன் அப்பா" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. கடிதமென்றால் உனக்கு நேரம் கிடைக்கும்போது வாசிக்கலாம்.

விஷயம் காரைப் பற்றித்தான். போயா லீவு முடிந்து நீ காரைப் பின்னுக்கு எடுத்தபோது டாஷ்போர்ட்டில் எஞ்சின் லைற் மஞ்சளாக எரிந்ததைக் கண்டேன். கேட்டதற்கு, "அது கனநாளா எரியுது, ஒண்டுமில்லை" என்றாய். வான் ஓட்டியே வயசு போன எனக்கு அந்தப் பதில் காணாது. கனநாள் என்றால் எத்தனை நாள்? மாதமா, வருசமா?

எங்கள் ஒழுங்கையில் கொழும்பிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்த பொம்பிளைப்பிள்ளை நீ ஒருத்திதான். முன்வீட்டு மாமி இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார். 260 கிலோமீற்றர் சும்மாவா? ஆனால் தனியாக ஏன் வந்தாய் என்று அவர் கேட்டபோது மருமகனுக்கு வேலை என்று நான்தான் சொன்னேன். நீ அப்படித்தானே சொன்னாய். சரி, அதை விடு.

லைற்றுக்கு வருகிறேன். மஞ்சள் ஒரே சீராக எரிந்தால் நடுவழியில் நிற்கத் தேவையில்லை. விரட்டாமல் ஓட்டிக் கராச்சுக்குப் போகலாம். அதே லைற் மின்னி மின்னி எரிந்தால் ஓரம்கட்டி நிறுத்திவிடு. ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக அடிக்கவில்லை என்று அர்த்தம். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தமாக்குகிற கன்வேட்டரைச் சுட்டுப் பாழாக்கும். அந்தச் சாமானின் விலை உனக்குத் தெரியாது. உன்னுடைய வேகன் ஆர் மூன்று சிலிண்டர். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் எப்படியோ இழுத்துக்கொண்டு வரும், ஆனால் கார் நடுங்கும். அன்றைக்கு ஸ்டியறிங்கில் உன் கை நடுங்கியது. எஞ்சினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

சிவப்பில் எண்ணெய்க் குவளை மாதிரி ஒரு படம் வந்தால், அதுதான் ஓயில் லைற், வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கேயே எஞ்சினை நிறுத்து. இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று நினைக்காதே.

கொழும்பில் ஸ்கேன் பண்ணுகிற கராச் நிறைய இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார். சிலர் ஸ்கேனில் காட்டுகிற பிழைக் கோட் நம்பரை அழித்துவிட்டு "சரி மிஸ்" என்று காசை வாங்கிவிடுவார்கள். அழித்தால் லைற் அணையும், வருத்தம் அப்படியே கிடக்கும். கொஞ்ச நாளில் திரும்ப எரியும். அழிக்கிறதற்கு முன்னம் கோட் நம்பரை எழுதித் தரச் சொல். அதைக் கேட்க வெட்கப்படாதே. உனக்கு எதைக் கேட்கவும் வெட்கம், சின்னனிலிருந்தே.

2022இல் நான் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்தேனே. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி வைத்திருக்கிற ஊரில் ஒரு கான் பெற்றோலுக்கு அந்தப் பாடு! அப்போது ஒவ்வொரு இரவும் போன் எடுத்து, வரிசை எவ்வளவு நகர்ந்தது, சாப்பிட்டாயா அப்பா என்று கேட்டாய். அந்த இரண்டு நாளும் எனக்குப் பெரிய கஷ்டமாகவே தெரியவில்லை.

ஸ்கேன் பண்ணு. மறந்துவிடாதே. கார் வாங்கின அன்றைக்கு நான் முதலில் சாவியைத் திருப்பித்தான் பார்த்தேன், நினைவிருக்கிறதா? எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல் எல்லா லைற்றும் ஒருதரம் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருப்பார்கள், இல்லையென்றால் டேப் ஒட்டியிருப்பார்கள்.

டேப் ஒட்டுகிற வேலை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

2003இல் அம்மம்மாவைக் கொழும்பில் டொக்டருக்குக் காட்டப் போன பயணத்தைச் சொல்கிறேன். என் டவுன்ஏஸ் வானின் ஓயில் லைற் ஒரு மாதமாகவே நிற்கிற இடத்தில் மினுக்கும். சமாதான காலம், ஒவ்வொரு நாளும் ஹயர், கராச்சில் விட்டால் உழைப்புப் போய்விடும். சுவிச்தான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். அளுத்ஓயா தாண்டி, ரோட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்த இடத்தில், எஞ்சின் இறுகி நின்றது. அம்மம்மா முருகா முருகா என்றபடி இருந்தார். அம்மா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் முன்பக்கம் வருவதற்குள் நான் டேப்பை உரித்துப் பற்றைக்குள் எறிந்தேன். நீ நடு சீற்றிலிருந்து பார்த்தாய்.

ஓயில் மாற்றின பொடியன் நட்டை இறுக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கராச் முதலாளியிடமும் போய்ச் சத்தம் போட்டேன். பொடியனை நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ. இப்போது பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ வைத்திருக்கிறான். "ஏறுங்கோ ஐயா" என்று கூப்பிடுவான். நான் நடந்தே வருவேன். நடந்தால் சீனிக்கு நல்லது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒன்பது வயதில் என்ன அழுத்தம் என் பிள்ளைக்கு என்று நான் அப்போது பெருமைப்பட்டேன். இப்போது நித்திரை வராத நேரத்தில் அதைத்தான் நினைக்கிறேன்.

சரி. சொல்ல வந்தது கார். வாற சனிக்கிழமையே கராச்சுக்குக் கொண்டுபோ. பெற்றோல் மூடியையும் ஒருதரம் பார், சில கார்களில் அது சரியாக இறுகாவிட்டாலும் லைற் எரியும். இங்கே வருவதென்றால் பகலில் வா. இருட்டினால் ஹபரணைக்கு இந்தப் பக்கம் ஓடாதே, யானை. ஸ்கேன் பண்ணின கோட் நம்பரை எனக்கு அனுப்பு. முன்னால் ஓர் எழுத்து, பின்னால் நாலு இலக்கம். அது மட்டும் போதும், விளக்கம் எழுதத் தேவையில்லை.

அன்புடன்
அப்பா

பி.கு: பின்னறை ஃபான் சத்தம் போடுகிறது என்றாயே, மாற்றிவிட்டேன். என் பழைய மோட்டார் சைக்கிளையும் போர்ட்டிகோவிலிருந்து எடுத்துவிட்டேன், கார் விட இடம் இருக்கிறது. எதற்கு இப்போது என்று அம்மா கேட்டார். ஃபான் பழசு என்றேன்.