கூடாரத்தை அல்ல, இறங்குதுறையை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏரியோரம் இரவு தங்குபவர்கள் பலர் நீர்விளிம்பை ஒட்டியே கூடாரம் அடிக்கிறார்கள். தண்ணீர் வசதி என்றால் அதுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. கூடாரம் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நடந்தால் 70, 80 காலடிதான். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொண்டாலும், 10 லிட்டர் மடக்குப் பை ஒன்று இருந்தால் இருவருக்கு ஒரே நடைதான்.

முதலில் தேட வேண்டியது இறங்கி மொள்ளத் தோதான துறை. கோரையும் நாணலும் மண்டிய கரை சேறுதான். ஒரு கம்பை ஊன்றிப் பாருங்கள். டக்கென்று நின்றால் சரளை அல்லது பாறை. நழுவி இறங்கி, இழுக்கும்போது கருஞ்சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கே மொள்ளும் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும், வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

காற்றையும் கவனிக்க வேண்டும். அது எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அங்கேதான் பாசியும் குப்பையும் ஒதுங்கும். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பாசி இல்லாத தெளிந்த நீரைத் தளதளவென 1 நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமிகள் சாகும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடம் வேண்டும்.

அடுத்துதான் படுக்கும் இடம். கரையில் சருகும் சுள்ளியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும், பாறையில் கறை படிந்திருக்கும். நீர் ஏறி இறங்கிய அடையாளம் அது. கூடாரம் அதற்கு நன்றாக மேலே இருக்கட்டும். அணைத் தேக்கமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. வானம் வெளுத்திருந்தாலும் மேலே திறந்துவிட்ட நீரால் மட்டம் ஏறும். பள்ளத்தில் இரவில் குளிர்காற்று தேங்கி, விடியும்போது கூடாரத்தின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். தலைக்கு மேல் பட்ட கிளை இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும்கூட அதே 60 மீட்டருக்கு அப்பால்தான். மக்கும் சோப்பு என்றாலும் ஏரிக்குள் கூடாது. அது மக்குவதற்கு மண் வேண்டும். மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடிவிட வேண்டும்.

சுற்றுலாப் பக்கங்களில், நீர்விளிம்பில் கூடாரம் நிற்கும் படங்களைத் தவிர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்