நீ அனுப்பிய வீடியோ

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு மூட்டு வலி குறைந்து தோட்டம் வரைக்கும் நடந்து போய் வருகிறார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ. கம்பெனியில் ஆர்டர் பரவாயில்லை, நூல் விலைதான் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது.

அப்புறம், போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. வடக்கத்திப் பையன்கள் கட்டையோடு ஓடுகிறார்கள், திருப்பூர் கைவிட்டுப் போய்விட்டது என்று கீழே எழுதியிருக்கிறது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு கடைப் பலகைகூடத் தெரியவில்லை. குறுக்கே ஒரு பஸ் போகிறது, அது நம் பக்கத்து பஸ்ஸே இல்லை. கோபியில் எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள், பத்திரமாக இரு என்று எழுதியிருந்தாய். என் மேல் இருக்கிற அக்கறையில் எழுதினாய் என்று தெரியும். அதனால்தான் போனில் ரெண்டு வார்த்தையில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் இதே மாதிரி ஒன்று ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? வடக்கத்தித் தொழிலாளர்கள் நம் ஆட்களைத் துரத்துகிற வீடியோ. அது திருப்பூரில் எடுத்ததுதான். ஆனால் டீக்கடையில் ஆரம்பித்த தகராறு என்று போலீஸ் சொல்வதற்குள் ‘தமிழனை அடிக்கிறார்கள்’ என்று மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. நானும் நம்பினேன். அன்று ராத்திரி என் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த வடக்கத்தி ஆட்கள் எட்டுப் பேரையும் வேறு கண்ணோடு பார்த்தேன். மூணு வருஷமாக என் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்ட பையன்கள், மாப்பிள்ளை.

ரெண்டு மாசத்துக்குள் கதை அப்படியே திரும்பியது. மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள் என்று பீகாரெல்லாம் பேச்சு. சுற்றிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபுவே இதை விளக்கிச் சொன்னார். பெரிய இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மேல் இங்கே வழக்குப் பதிவானது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆனால் வதந்தி போன எல்லா வீட்டுக்கும் மறுப்பு போய்ச் சேரவில்லை.

அந்த வாரம் என் கம்பெனிக்கே டிவிக்காரர்கள் வந்தார்கள். எந்தச் சேனல் என்பது வேண்டாம். அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. ஹோலிக்கு முன்னால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புவது எல்லா வருஷமும் நடப்பதுதான், அப்போதும் கிளம்பியிருந்தார்கள். பயந்து போனவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். டிவிக்காரர்கள் வந்த நேரம் பதினோரு மணி டீ. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். கேமராக்காரர் நேராக உள்ளே போய், ஆள் இல்லாத மெஷின்களை வரிசையாக எடுத்தார். செக்கிங் டேபிளில் கிடந்த பீஸ் குவியல், ஸ்டூலில் யாரோ விட்டுப் போன துண்டு, எல்லாம். பிறகு ஒரு பையனிடம் மைக்கை நீட்டினார்கள். அவன் இந்தியில் சொன்னது இதுதான்: “இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. ஊரில் அம்மா பயந்துபோய் போனில் அழுகிறாள். டிக்கெட் கிடைத்தால் ஹோலிக்குப் போய்விட்டு வந்துவிடுவேன்.”

பொழுதோட டிவியைப் போட்டால், நடுவில் அவன் சொன்னது மட்டும் வருகிறது. அம்மா பயந்துபோய் அழுகிறாள். பின்னால் என் காலி மெஷின்கள். படம் பொய்யில்லை, அவன் பேச்சும் பொய்யில்லை. நம் கட்டிங் டேபிளில் தினமும் பார்க்கிறேனே, துணி ஒன்றுதான், பேட்டர்னை எங்கே வைத்து வெட்டுகிறோமோ அந்த உருப்படிதான் கிடைக்கும். அதை அந்த அம்மா ஊரில் யாருடைய போனிலோ பார்த்துவிட்டாள். பையன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கட்சிச் சேனல்கள் மேல் நீ கோபப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கு அதில் அவ்வளவு பயமில்லை. எந்தச் சேனல் யாருடையது என்று டீக்கடையில் தெரியாதவன் யார்? கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் கேட்கிறோம். எவ்வளவு கழிப்பது என்று தெரியாத செய்திதான் ஆபத்து. திருப்பூரைப் பார்க்காத பீகார்க்காரன் எதை வைத்துக் கழிப்பான்? நான் மட்டும் என்ன? பீகாரில் இருக்கிற முசாபர்பூர் என்றால், 2019இல் மூளைக்காய்ச்சலில் நூற்றுக்கு மேல் குழந்தைகள் இறந்த ஊர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நம் பேப்பரில் நான் பார்த்தது அது ஒன்றுதான். டிவியில் வந்த பையன் அந்த முசாபர்பூர்க்காரன். அவன் ஊர் லிச்சித் தோப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், நீ மஞ்சளைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும்.

மஞ்சள் என்றதும் நினைவு வருகிறது. மஞ்சள் விலை உச்சம் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டானே ஒரு தடவை. அந்த விலை நயம் விரலி மஞ்சள் ரெண்டு லாட்டுக்குத்தான் கிடைத்தது. உன் கிழங்கு மஞ்சளுக்கு வந்த விலை அதே செய்தியில் கடைசி வரியில் கிடந்தது. ‘பேப்பரிலேயே போட்டிருக்கிறான், நீ ஏன் குறைச்சுக் கொடுத்தே’ என்று உன் மாமன் உன்னைத்தானே கேட்டார்? அன்று நீ கொதித்த கொதி எனக்கு மறக்கவில்லை. மஞ்சளுக்குக் கடைசி வரி வரைக்கும் தேடிப் படிக்கிற நீ, மனுஷன் விஷயத்தில் தலைப்போடு நிற்கலாமா?

அந்த வீடியோ உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுப் பார். எந்த ஊர், எந்தத் தேதி என்று அவருக்குத் தெரிந்தால் எனக்கும் எழுது. தெரியாது என்றால், நீ குரூப்பில் போட்டதை எடுத்துவிடு. எனக்காக இதைச் செய்.

பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு இந்தத் தடவை குடும்பத்தோடு வருகிறேன். அந்தப் பையனையும் கூட்டி வரலாம் என்று இருக்கிறேன். அவனுக்கு உன் மஞ்சள் காட்டைப் பார்க்க வேண்டுமாம். அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை
திருப்பூர்