இல்லாத கருவிக்காக ஏன் காத்திருக்கிறீர்கள்? டிரைவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ பிடிப்புக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கருவியின் தண்டர்போல்ட் கேபிளைப் பிடுங்கினால் கணினி உறைந்துபோகிறது என்ற புகார் உங்களுக்குப் புதிதல்ல. புதிய பதிப்பில் அதற்காக நீங்கள் மாற்றியது ஒரே ஒரு எண்: கட்டளைக்கான டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 5 நொடியிலிருந்து 30 நொடி ஆகியிருக்கிறது. புகாரையும் முடித்து வைத்துவிட்டீர்கள். உறைந்து கிடக்கும் நேரம் ஆறு மடங்கானதுதான் மிச்சம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டைம்அவுட் ஆனதும் கருவி இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரீசெட் வேண்டாம், மறுமுயற்சி வேண்டாம். "கருவி இல்லை" என்னும் ஈநோடெவ் பிழையைக் கொடுத்துத் திரும்பிவிடுங்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். முதல் கட்டளைக்கு 30 நொடி, அதன்பின் ரீசெட் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி. ஆக 120 நொடி, அத்தனையும் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டை) பிடித்தபடியே. கருவி போனதும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அழைக்கும் ரிமூவ் கால்பேக் அதே மியூடெக்ஸுக்காக வெளியே நிற்கிறது. வரிசையில் இன்னொரு ஐஆக்டில் (செயலி டிரைவருக்கு அனுப்பும் கோரிக்கை) முந்திக்கொண்டால் இன்னொரு 120 நொடி; ஒரு பணி நெடுநேரம் சிக்கிக் கிடப்பதைச் சொல்லும் கர்னலின் ஹங் டாஸ்க் எச்சரிக்கை அப்போதுதான் பதிவில் வருகிறது. இதற்கிடையே கருவி செருகுவதையும் கழற்றுவதையும் கவனிக்கும் ஹாட்பிளக் இழை, கணினி முழுவதற்கும் பொதுவான பிசிஐ ரீஸ்கேன் லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால், வேறொரு டாக்கைச் (இணைப்புப் பெட்டியைச்) செருகினாலும் அது தெரிவதில்லை.

ஆனால் பயனரை உண்மையில் வதைப்பது வேறு. கேபிளைப் பிடுங்குகிறவர் அடுத்த சில நொடிகளில் செய்வது மடிக்கணினியை மூடுவதுதான். சஸ்பெண்ட் (கணினியைத் தூங்க வைப்பது) தொடங்குமுன் கர்னல் எல்லா செயல்முறைகளையும் உறைய வைக்க, அதாவது நிறுத்தி வைக்க, வேண்டும். அதற்கு இயல்பாக 20 நொடிதான் அவகாசம். உங்கள் ஐஆக்டிலுக்குள் டி நிலையில் (எதுவும் குறுக்கிட முடியாத காத்திருப்பில்) சிக்கிய செயல்முறை உறையாது, கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தாலும் சாகாது. 20 நொடி முடிந்ததும் சஸ்பெண்ட் கைவிடப்படுகிறது. மூடிய கணினி பைக்குள் ஓடிக்கொண்டே சூடாகிறது, பேட்டரி தீர்கிறது. பயனர் குறை சொல்வது கணினியை. காரணமோ உங்கள் டைம்அவுட்.

பிடுங்கப்பட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவியின் (தண்டர்போல்ட் வழியே இணைவதும் அதுதான்) ரெஜிஸ்டரை, அதாவது அதன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தை, படித்தால் 32 பிட்டும் 1 என்றே வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை நடக்கிறது என்று காட்டும் உங்கள் பிஸி பிட் ஒருபோதும் 0 ஆகாது, அதனால்தான் டைம்அவுட். இதைவிட ஆபத்தானது ரெடி பிட்டுக்காகக் காத்திருக்கும் இடம். அங்கே டைம்அவுட்டே வராது. இல்லாத கருவி "தயார்" என்று சொன்னதாக டிரைவர் நம்பிவிடும். அடுத்து அது படிக்கும் 16 பிட் பஃபர் எண்ணிக்கை 65,535. எல்லைச் சோதனை இல்லாத அந்த லூப் எங்கே போய் எழுதும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாப் பிட்டும் 1 ஆக வரும் மதிப்பைப் போலிங் (திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும்) நிபந்தனையிலேயே சேருங்கள். சில ரெஜிஸ்டர்களில் அது நியாயமான மதிப்பாகவும் இருக்கலாம் என்பதால், வந்தவுடன் கர்னலின் பிசிஐ_டிவைஸ்_ஈஸ்_பிரசென்ட் மூலம் கருவி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிமூவில் வரிசை முக்கியம். மியூடெக்ஸைத் தொடாமலே முதலில் "கருவி போய்விட்டது" என்ற கொடியை வையுங்கள். பிறகு கம்ப்ளீட்_ஆல் அழைத்துக் காத்திருப்பவர்களை எழுப்புங்கள். கட்டளை அனுப்பும் பக்கம் கம்ப்ளீஷனை (வேலை முடிந்தது என்று எழுப்பும் அடையாளத்தை) ரீஇனிட் செய்து, அதாவது தொடக்க நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, கொடியைப் பார்த்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். முன்பே பார்த்தால் இடைவெளியில் எழுப்பல் தொலைந்துபோகும். எழுந்த பிறகும் ஒருமுறை கொடியைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எழுப்பலையே வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். தள்ளிவைத்த வேலையை நிறுத்தி, அது முடியும்வரை காத்திருக்கும் கேன்சல்_டிலேட்டட்_வொர்க்_சிங்க் அழைக்கும்போது அந்த வொர்க் எடுக்கும் லாக் உங்கள் கையில் இருக்கக் கூடாது. டைமர் மறுபடி தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளாமல் இருக்க, கர்னல் 6.2 முதல் டைமர்_ஷட்டவுன்_சிங்க் இருக்கிறது. கருவி இல்லாதபோது "நிறுத்து" கட்டளை அனுப்புவதில் பொருளே இல்லை. டிரைவரின் தனி ஸ்ட்ரக்டை (தரவுத் தொகுப்பை) டெவ்எம் (நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் வசதி) வழியாக ஒதுக்கியிருப்பதையும் மாற்றுங்கள்: பயனர் கோப்பைத் திறந்தே வைத்திருக்க, நினைவகம் டிரைவர் கருவியிலிருந்து கழலும் அன்பைண்டிலேயே விடுவிக்கப்பட்டுவிடுகிறது. பயன்படுத்துவோரை எண்ணி, கடைசி ஆள் போனதும் விடுவிக்கும் கேரெஃப் போதும்.

யூஎஸ்பி மாடலிலும் இதே கதைதான். கேபிள் போனதை ஹப் அறிவிக்கும்வரை மைனஸ் 71 (தொடர்பு நெறிமுறைப் பிழை) வந்துகொண்டிருக்கும். அதைத் தற்காலிகப் பிழை என்று கருதி உடனுக்குடன் யூஆர்பியை (யூஎஸ்பி தரவுக் கோரிக்கையை) மறுபடி அனுப்புவதால் பதிவு நிரம்பி வழிகிறது.

"பயன்பாட்டில் இருக்கும்போது கழற்றாதீர்கள்" என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போதே கழற்றி மாட்டுவதற்கென்றே உருவான இணைப்பைத் தேர்ந்தெடுத்து விற்றுவிட்டு, கழற்றுவது பயனரின் தவறு என்பது நியாயமில்லை. கருவியை மென்பொருள் வழியே கழற்றும் சிஸ்எஃப்எஸ் ரிமூவ் கோப்பில் 1 எழுதிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. அப்போது கருவி இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. திடீர் இழப்பு நடக்கவே இல்லை.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம்: டைம்அவுட் ஆனால் கருவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். 30 நொடியை மறுபடி 5 ஆக்கித் தர வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த எண் உங்கள் ஃபர்ம்வேரின் (கருவிக்குள் ஓடும் மென்பொருளின்) தேவை. அடுத்த பதிப்பை வெளியிடும் முன் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானும் பூட்டுப் பிழைகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் இயக்கிய கர்னலில், வீடியோ ஓடும்போதே கேபிளைக் கையால் பிடுங்கி, உடனே மடிக்கணினியை மூடிப் பாருங்கள். அது தூங்கினால் அந்தப் புகாரை முடித்து வையுங்கள். அதுவரை அதைத் திறந்தே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கருவியைப் பயன்படுத்துவோர்