செயலாளரோட ஆண்டறிக்கை: சுத்துற படமும் எட்டிப் பாக்குற பொட்டியும்

படத்த அசைய வச்சு காட்டுற பழைய பொம்மைகள சேக்குற நம்ம சங்கத்தோட தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டமெல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, வரவு செலவ பொருளாளர் படிப்பாரு, நான் நேரா சண்டைக்கு வந்துடறேன்.

இந்த வருஷம் சங்கத்த ரெண்டு கட்சி ஆக்குனது பிராக்ஸினோஸ்கோப் தான், அதாவது உள்ள வரிசையா இருக்குற படங்கள சுத்தி விட்டா அசையுற மாதிரி காட்டுற டிரம். 1877ல பிரான்ஸ்ல எமில் ரேனோ பேடன்ட் வாங்குனது, அதுக்கு முந்தின ஜோயிட்ரோப்ல, அதாவது துளை வழியா எட்டிப் பாக்குற சுத்துற டிரம்ல, இருந்த துளைகள தூக்கிட்டு நடுவுல கண்ணாடிகள நிறுத்துனாரு, அதனால படம் மங்காம பளிச்சுன்னு தெரியும். நம்ம உறுப்பினர்ட்ட இருக்குறதுல பாதி கண்ணாடிக்கு ரசம் போயிடுச்சு, புதுசு வெட்டி ஒட்டிடலாம்னு சிலர், கையே வைக்கக்கூடாதுன்னு சிலர், டீ ஆறிப்போற வரைக்கும் பேச்சு. கடைசில பழச அப்படியே வச்சுட்டு, சுத்திப் பாக்க தனியா ஒரு நகல் செஞ்சுக்கலாம்னு தீர்மானம் ஆச்சு. என்ன கேட்டா அதான் சரி, மாத்திட்டா அப்புறம் அது பழசே இல்ல.

ஜோயிட்ரோப்புக்கு உள்ள வைக்குற படப் பட்டைக்கும் இதே விதி தான், ஒரிஜினல ஸ்கேன் பண்ணி பிரின்ட் போட்டு சுத்துங்க, ஓரம் கிழிஞ்சா யாரும் பொறுப்பில்ல. 13 துளை டிரம்ல 12 படம் உள்ள பட்டைய போட்டு காட்டுனப்ப, குதிரை நின்ன எடத்துலயே ஓடாம மெல்ல நகந்துகிட்டே போச்சு, பழைய உறுப்பினர்களே வாயப் பொளந்துட்டாங்க.

பசங்களுக்கு தாமட்ரோப், அதாவது ரெண்டு பக்கமும் படம் வரைஞ்சு நூல் கட்டி சுத்துற அட்டை, செய்ய சொல்லிக் குடுத்தோம், 1825ல லண்டன்ல வித்த அதே அட்டை தான், ஒரு பக்கம் பறவை மறுபக்கம் கூண்டு. பின்பக்கப் படத்த தலைகீழா வரையணும், இல்லன்னா நூல முறுக்கி விட்டதும் கூண்டு கவுந்து நிக்கும், அதுக்கு தான் ஏக சிரிப்பு.

ஸ்டீரியோஸ்கோப், அதாவது ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் காட்டி ஆழம் தெரிய வைக்குற பொட்டி, அந்தக் கூட்டத்துல எல்லாரும் வரிசை கட்டுனது அதுல போட்டுப் பாக்குற பிரெஞ்சு டிஷ்யூ அட்டைக்கு. முன்னாடி வெளிச்சம் பட்டா சாதா கருப்பு வெள்ளை, பின்னாடி இருந்து வெளிச்சம் வந்தா கலர் ஏறும், ஊசி குத்துன எடமெல்லாம் வெளக்கு மாதிரி எரியும். மெல்லிசு காகிதம், அதனால தயவுசெஞ்சு சூடாகுற பல்பு வேண்டாம், எல்இடி மட்டும்.

அடுத்த வேலை அந்த பிராக்ஸினோஸ்கோப் நகல் தான். கண்ணாடிக்கும் டிரம்முக்கும் அளவு எடுக்கணும், நுணுக்கமா அளக்குற வெர்னியர் கருவி வச்சிருக்கவங்க கூட்டம் முடிஞ்சதும் என்ன வந்து பாருங்க.